காட்டுப்பள்ளிச் சாலையில் ஓர் அமானிதம்

காட்டுப்பள்ளி என்னும் பெயரைக் கேட்டவுடன் நம்மவர் உள்ளத்தில் எழும் காட்சி ஒன்றேதான். மரங்கள் அடர்ந்த ஒரு காடு. அதன் நடுவே சிறியதொரு பள்ளிவாசல். அதன் ஹவுளில் உளூச் செய்யும் இரண்டொரு பெரியவர்கள். அந்த எண்ணத்தோடு அங்குச் செல்வோர் ஏமாந்து போவர். பள்ளி என்னும் சொல் பழந்தமிழில் ஊர், உறைவிடம் என்னும் பொருளிலும் வழங்கியது. அந்தப் பொருளில் பெயர் பெற்ற ஊர்கள் தமிழகத்தில் பல. அவற்றுள் இதுவும் ஒன்று.

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும் அணைத்து நிற்க, வடக்குத் தெற்காய் நீண்டு கிடக்கும் மணல் திட்டின்மேல் அமைந்தது காட்டுப்பள்ளி. தெற்கே எண்ணூர் முகத்துவாரம். வடக்கே பழவேற்காட்டு ஏரி. ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்கு முன் இப்பகுதிக்கு நான் ஒருமுறை வந்ததுண்டு. அப்போது கண்டவை சவுக்குத் தோப்புகளும், மணல் மேடுகளும், வலைகள் உலரும் மீனவக் குப்பங்களுமே.

அந்தக் காட்சி இன்று முற்றிலும் மாறிவிட்டது. 1990-களில் வடசென்னை அனல் மின்நிலையம் எழுந்தது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. 2014-இல் அதற்குக் காமராசர் துறைமுகம் என்று பெயர் சூட்டினர். 2010-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை காட்டுப்பள்ளியில் இயங்கத் தொடங்கியது. அதன்பின் எல் அண்டு டி நிறுவனம் கப்பல் கட்டும் தளத்தையும், அதனையொட்டி ஒரு துறைமுகத்தையும் அமைத்தது. 2013-இல் சரக்குப் பெட்டகங்களைக் கையாளத் தொடங்கிய அத்துறைமுகம், 2018-இல் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. வலை உலர்ந்த மணலில் இன்று வானளாவிய பாரந்தூக்கிகள் வரிசையாய் நிற்கின்றன.

அந்த ஊருக்குச் சென்ற பயணத்தில் நான் கற்ற ஒரு பாடத்தை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன். அது துறைமுகம் பற்றிய பாடமன்று; வாடகைக்கு எடுத்த ஒரு காரைப் பற்றிய பாடம்.

ஒற்றைச் சொல்லில் ஒரு விடை

என் தமக்கை மகன் அமெரிக்காவில் பொறியாளராய்ப் பணிபுரிகிறான். விடுமுறையில் வந்திருந்தவன், பழவேற்காட்டில் அடங்கியிருக்கும் தன் தந்தைவழிப் பாட்டியாரின் கப்ரை ஜியாரத் செய்ய விரும்பினான். அவனுடன் படித்தவர் சிலர் காட்டுப்பள்ளிக் கப்பல் தளத்தில் வேலை பார்த்தவர்களாதலால், போகும் வழியில் அந்த இடத்தையும் பார்த்துவிட வேண்டும் என்றான். என்னிடம் சொந்தமாகக் கார் இல்லை. நாமே ஓட்டிச் செல்லும் வாடகைக் கார் ஒன்றைச் சென்னையில் எடுத்தோம். ஓட்டுநர் உரிமம் என்னிடமே இருந்ததால், ஒப்பந்தம் என் பெயரில் எழுதப்பட்டது. பணமும் என் கைப்பேசி வழியாகவே செலுத்தப்பட்டது.

வாடகையும் 6,000 ரூபாய் பிணைத்தொகையும் கட்டியபின், அங்கிருந்த இளைஞர் ஒரு கேள்வி கேட்டார்.

“ஐயா, கூடுதல் காப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. இன்னும் 600 ரூபாய் கட்டினால், காருக்கு ஏதேனும் சேதம் வந்தாலும் ஒரு சிறு தொகையோடு உங்கள் பொறுப்பு முடிந்துவிடும். சேர்த்துக்கொள்ளட்டுமா?”

நான் வாய் திறக்குமுன் மருமகன் முந்திக்கொண்டான்.

“வேண்டாம் மாமா. இது வீண் செலவு. அமெரிக்காவில் நான் கார் எடுக்கும்போதெல்லாம் இதை வேண்டாம் என்றுதான் சொல்வேன். விவரம் அறிந்த யாரும் இதை வாங்குவதில்லை.”

எனக்கும் அது உவப்பாயிருந்தது. இன்ஷூரன்ஸ் என்றாலே மார்க்கத்தில் ஐயத்துக்கு இடமான ஒன்று என்னும் எண்ணம் நம் இல்லங்களில் வேரூன்றியிருக்கிறதல்லவா? 600 ரூபாயும் மிச்சம், மனத்துக்கும் நிம்மதி என்று கருதி, “வேண்டாம் தம்பி, அல்லாஹ் காப்பான்” என்று சொல்லிக் கையெழுத்திட்டேன். ஒப்பந்தத்தின் பொடி எழுத்துகளை நான் படிக்கவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனைச் சார்ந்திருக்கச் சொன்ன நபிமொழியைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவன், கயிறு எங்கே என்றுகூடத் தேடவில்லை.

கண் தவறிய ஒரு கணம்

திருவொற்றியூர்–பொன்னேரி நெடுஞ்சாலையில் மணலி புதுநகரைக் கடந்து மீஞ்சூர் சென்று, அங்கிருந்து கிழக்கே திரும்பினோம். அந்த வழியின் இயல்பை அறியாதவர்க்குச் சொல்ல வேண்டும். நாற்பதடி நீளப் பெட்டகங்களைச் சுமந்த டிரெய்லர் லாரிகள் யானைக் கூட்டம்போல் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. காற்றில் நிலக்கரித் தூளும் சாம்பலும் கலந்திருக்கின்றன. தாரின் விளிம்பு பல இடங்களில் அரிபட்டு, சாலைக்கும் பக்கத்து மண்ணுக்கும் இடையே ஒரு சாண் பள்ளம் காணப்படுகிறது. மழைக்காலமாயின் சாலை எது, கழி எது என்று பிரித்தறிவதே கடினம் என்று வழியில் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் கூறினார்.

துறைமுகத்தை நெருங்கியபோது, பாரந்தூக்கிகள் தொடுவானில் தலை காட்டின. “மாமா, அதோ பாருங்கள்! எவ்வளவு உயரம்!” என்றான் மருமகன். நானும் பார்த்தேன். இரண்டு மூன்று நொடிகள் இருக்கும். கண்ணைத் திருப்பியபோது எதிரே ஒரு டிரெய்லர். அது தன் வழியில்தான் வந்துகொண்டிருந்தது. நான்தான் நடுவுக்கு விலகியிருந்தேன். பதறி இடப்புறம் ஒடித்தேன். முன் சக்கரம் தாரை விட்டிறங்கிப் பள்ளத்தில் விழுந்தது. கீழே ‘கடக்’ என்றொரு ஓசை எழுந்தது.

அல்ஹம்துலில்லாஹ்! எவருக்கும் ஒரு கீறலும் இல்லை. காரும் ஓடியது. இறங்கிக் குனிந்து பார்த்தோம். முன் பம்பரின் அடி விளிம்பு பிளந்திருந்தது. என்ஜினுக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் காப்புத் தகடு உடைந்து ஒருபுறம் தொங்கியது. நின்று பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

“இந்த லாரிக்காரர்கள் சாலை முழுவதும் தங்களுக்கே என்று நினைக்கிறார்கள்” என்றான் மருமகன். லாரி தன் வழியில் வந்ததை அவன் கவனிக்கவில்லை. நான் மறுமொழி கூறவில்லை. தகட்டைக் கயிற்றால் கட்டிவிட்டுப் புறப்பட்டோம்.

துறைமுகத்தில் பிறந்த கேள்வி

துறைமுக வாயிலுக்கு வெளியே சற்று நேரம் நின்றோம். உள்ளே அடுக்கடுக்காய்ப் பெட்டகங்கள். சற்றுத் தெற்கே உள்ள காமராசர் துறைமுகம் கார் ஏற்றுமதிக்குப் பெயர் பெற்றது. காஞ்சிபுரத்துப் பக்கத்து ஆலைகளில் உருவான புத்தம் புதுக் கார்கள் அங்கிருந்து கப்பலேறுகின்றன. அவை ஒவ்வொன்றும் கடலில் காலடி வைக்குமுன் காப்பீட்டுப் பத்திரத்தில் ஏறிவிடுகின்றன என்பதை நினைத்தபோது, கயிற்றால் கட்டிய எங்கள் காரைப் பார்த்து எனக்கே நகைப்பு வந்தது.

இன்ஷூரன்ஸ் கூடுமா, கூடாதா என்னும் கேள்வியே ஒரு துறைமுகக் கேள்வியாகத்தான் முஸ்லிம் அறிஞர்கள் முன் வந்தது. திமிஷ்க் நகரில் வாழ்ந்து 1836-இல் மறைந்த ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஆபிதீன் அவர்கள் தம் ‘ரத்துல் முஹ்தார்’ நூலில் ‘ஸவ்கரா’ என்னும் வழக்கத்தை ஆராய்கிறார்கள். அக்காலத்து வணிகர்கள் அயல்நாட்டாரின் கப்பலில் சரக்கேற்றும்போது, கப்பல் கூலியோடு வேறொரு தொகையையும் கொடுப்பர். சரக்கு தீயாலோ கடலாலோ கொள்ளையாலோ அழிந்தால், தொகை பெற்றவர் ஈடு தருவார். அவ்வாறு ஈடு பெறுவது வணிகருக்கு ஆகுமானதன்று என்பது இப்னு ஆபிதீன் அவர்களின் முடிவு. தன் மீது கடமையாகாத ஒன்றை ஒருவர் ஏற்றுக்கொள்ளும் உடன்பாடு அது என்பதே அவர்கள் காட்டிய காரணம்.

ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப் பின், 1985-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நிர்ணயித்த சந்தா வாங்கும் வணிக இன்ஷூரன்ஸில் உடன்பாட்டைக் கெடுக்கும் அளவுக்கு ‘ஃகரர்’ என்னும் நிச்சயமின்மை இருப்பதாகத் தீர்மானித்தது. உறுப்பினர் ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பு முறைக்கு அது வழிவிட்டது. சூடானில் 1979-இலும், மலேசியாவில் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகவும் தோன்றிய ‘தகாஃபுல்’ நிறுவனங்கள் அந்த முறையைச் சார்ந்தவை. நம் நாட்டில் அத்தகைய நிறுவனம் இயங்கவில்லை. வாகனங்களுக்குச் சட்டம் கட்டாயமாக்கியுள்ள இன்ஷூரன்ஸை, வேறு வழியில்லாத நிலை என்னும் அடிப்படையில் அறிஞர் பலர் ஏற்றுள்ளனர்.

ஆனால் வாடகைக் கார்க்காரர் கேட்ட 600 ரூபாய் பெரும்பாலும் இன்ஷூரன்ஸே அன்று. அது காரின் உரிமையாளர் நம்மிடமிருந்து பெற வேண்டிய ஈட்டில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதற்காக வாங்கும் கட்டணம். இதன் மார்க்கச் சட்டம் என்ன என்பதைத் தத்தம் ஊர் ஆலிம்களிடம் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்வதே முறை. “இன்ஷூரன்ஸ் கூடாது” என்ற ஒற்றைச் சொல்லால் நான் அதைத் தள்ளியது அறியாமையே.

பழவேற்காட்டில்

மீஞ்சூர் திரும்பி, பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டை அடைந்தபோது லுஹர் நேரம். 1613-இல் டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய ஊர் இது. அவர்களுக்கு முன்பே நம் முன்னோர் இங்குக் கடல் வாணிபம் செய்தனர். இங்கிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட துணிக்கு மலாய் மக்கள் ‘பெலிக்காட்’ என்று இவ்வூரின் பெயரையே வைத்தனர். இன்றும் மலேசியாவில் கைலிக்கு அதுவே பெயர். பள்ளிவாசலில் தொழுகை நேரம் காட்டிய பழைய சூரியக் கடிகாரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். நம் பெண்மக்கள் பனையோலையில் முடையும் கூடைகளும் பெட்டிகளும் இவ்வூரின் மற்றொரு சிறப்பு.

ஜியாரத் முடித்துத் திரும்புகையில் ஏரிக்கரையில் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கசிந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியதல்லவா? எண்ணூர்ப் பக்கத்தில் வாழும் அவருடைய உறவினரின் வலையும் படகும் அதில் கறுத்துப் போயினவாம். அதற்கு முன் 2017 ஜனவரி 28-இல் காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதையும் அவர் நினைவுகூர்ந்தார்.

“வலைக்கு இன்ஷூரன்ஸ் உண்டா, பெரியவரே?” என்று வினவினேன்.

“எங்களுக்கு ஏதுங்க? ஒருத்தன் வலை போச்சுன்னா மத்தவங்க சேர்ந்து கொடுப்போம். போனவன் போச்சுன்னு நெசத்தைச் சொல்லணும். அதுதான் கணக்கு” என்றார்.

அந்தக் கடைசிச் சொற்கள் என்னைத் தைத்தன. ஒருவர் இழப்பைப் பலர் சுமப்பது எங்கும் உண்டு; ஆனால் இழந்தவன் உண்மை சொல்லும் இடத்தில்தான் அது நிலைக்கும்.

திருப்பி ஒப்படைத்த நேரம்

மஃரிபுக்குப் பின் காரை ஒப்படைத்தோம். இளைஞர் விளக்கைப் பிடித்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தார். கதவுகள், கண்ணாடிகள், பின்புறம் எல்லாம் பார்த்தார். குனியவில்லை. “சரி ஐயா, எல்லாம் நன்றாக இருக்கிறது” என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், என் நாவு எழவில்லை. 6,000 ரூபாய் முழுமையாகத் திரும்பி வரப்போகிறது என்று நெஞ்சின் ஒரு மூலை மகிழ்ந்தது. மருமகன்தான் முன்வந்தான். “தம்பி, முன்பக்கம் கீழே குனிந்து பாருங்கள். பள்ளத்தில் இறங்கிவிட்டது” என்றான்.

மேலாளர் வந்து பார்த்தார். பண்பாளர். சேதத்தை 5,400 ரூபாய் என்று கணக்கிட்டார். பிறகு, “ஐயா, லாரி இடித்துத் தள்ளி ஒதுங்க நேர்ந்தது என்றால் சொல்லுங்கள். உங்கள்மேல் தவறில்லாத இடத்தில் பாதித் தொகையை முதலாளி விட்டுக்கொடுப்பார்” என்றார்.

மருமகன் என்னைப் பார்த்தான். லாரியின் தவறு என்றே அவன் நம்பியிருந்தான். நான் ஆம் என்று தலையசைத்திருந்தால், அந்த அறையில் அது பொய்யென்று அறிந்தவர் எவருமில்லை.

நம் ஃபிக்ஹு நூல்கள் வாடகைக்கு எடுத்தவரின் கையை ‘அமானிதக் கை’ என்கின்றன. ஒட்டகத்தை வாடகைக்கு எடுத்தவர் அதை வழக்கப்படி பயன்படுத்தி, தம் தவறில்லாமல் அது இறந்துபோனால், அவர் ஈடு தர வேண்டியதில்லை. வரம்பு மீறினாலோ கவனக்குறைவாய் இருந்தாலோ ஈடு தர வேண்டும். எத்தனை நீதியான சட்டம்! ஆனால் அதன் அச்சாணி எங்கே இருக்கிறது? கவனக்குறைவு இருந்ததா என்பதை அறிந்தவன் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தவனே. அவன் நாவு பிறழ்ந்தால் சட்டம் முழுவதும் பிறழ்ந்துவிடும். அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு இறைமறை (4:58) இடும் கட்டளை, காரை மட்டுமன்று, காரைப் பற்றிய உண்மையையும் சேர்த்துத்தான் என்பதை அக்கணத்தில் உணர்ந்தேன்.

“இல்லை ஐயா. லாரி தன் வழியில்தான் வந்தது. நான் துறைமுகத்தை வேடிக்கை பார்த்தேன். தவறு என்னுடையது” என்றேன். 5,400 ரூபாய் போக 600 ரூபாய் திரும்பி வந்தது. காலையில் எந்த 600 ரூபாயைச் சேமித்ததாக மகிழ்ந்தேனோ, அதே அளவு!

வேண்டாம் என்னுமுன் அறிய வேண்டியவை

வீடு திரும்பியபின் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தேன். அந்தக் கூடுதல் காப்பை வாங்கியிருந்தாலும் எனக்கு ஒரு காசு கிடைத்திராது! காரின் அடிப்பாகம், டயர், கண்ணாடி, என்ஜினில் நீர் புகுதல், சாவி தொலைதல் ஆகியவை அதில் சேரா என்று எழுதியிருந்தது. காட்டுப்பள்ளி போன்ற இடத்தில் எவை நேரக்கூடுமோ, அவையே விலக்கப்பட்டிருந்தன. எனவே வேண்டாம் என்ற விடை அன்று தவறாகவில்லை. அறியாமல் சொன்னதுதான் தவறு.

மருமகனும் தன் பங்குக்கு ஆராய்ந்தான். அமெரிக்காவில் அவன் வேண்டாம் என்று சொல்வதற்குத் தக்க காரணம் இருந்தது. அங்கே ஒருவர் தம் சொந்தக் காருக்கு எடுத்த முழுக் காப்பீடு, அவர் அந்நாட்டில் வாடகைக்கு எடுக்கும் காருக்கும் பெரும்பாலும் நீளும். கடன் அட்டைகள் பலவும், அட்டை வழியே வாடகை செலுத்திக் கடைக்காரரின் காப்பை மறுத்தவருக்குத் தாமே சேதத்தை ஈடு செய்கின்றன. அதாவது, அவன் காப்பை மறுக்கவில்லை. ஏற்கெனவே இருந்த காப்பை இருமுறை வாங்க மறுத்தான். நம் நாட்டிலோ காப்பீடு வண்டியைச் சார்ந்தது. உங்கள் வீட்டுக் காரின் பாலிசி, நீங்கள் வாடகைக்கு எடுத்த காரின் சேதத்துக்கு உதவாது. வேண்டாம் என்னும் சொல் கடல் கடந்து வந்தது; அதைத் தாங்கிய தூண்கள் அங்கேயே நின்றுவிட்டன.

ஆகவே வாடகைக்குக் கார் எடுக்கும் நம் குடும்பத்தார் கீழ்க்கண்டவற்றை மனத்தில் கொள்வது நலம்.

முதலாவது, எண் பலகையைப் பாருங்கள். நாமே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை கொண்ட சொந்தக் காரைத் தெரிந்தவர் மூலம் வாடகைக்கு எடுப்பது நம்மிடையே வழக்கமாகி வருகிறது. தனியார் கார் பாலிசி வாடகைப் பயன்பாட்டை விலக்குகிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு.

இரண்டாவது, மூன்றாம் நபர் காப்பீடு நடப்பில் உள்ளதா என்று பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். சாலையில் செல்வோர்க்கு உயிரிழப்போ காயமோ நேர்ந்தால் ஈடு தருவது இதுவே. நீங்கள் மறுக்கும் கூடுதல் காப்பு வேறு, இது வேறு. இது இல்லாத காரை ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம்.

மூன்றாவது, காருக்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். உரிமையாளர் சிறு சேதத்துக்கு அதை நாடுவதில்லை. ஒவ்வொரு கோரிக்கையிலும் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு 1,000 ரூபாயும் அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாயும் கட்டாயமாகக் கழிக்கப்படும். சாதாரண பாலிசியில் பம்பர் போன்ற பிளாஸ்டிக் உறுப்புகளுக்குப் பாதி மதிப்பே கிடைக்கும். ஈடு கோராத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் 20 முதல் 50 விழுக்காட்டுத் தள்ளுபடியும் பறிபோகும். அதனால்தான் நம் பிணைத்தொகையில் கை வைக்கிறார்கள். அது அநீதியன்று, கணக்கு.

நான்காவது, உங்கள் பொறுப்பின் உச்ச வரம்பு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பிணைத்தொகையோடு நின்றுவிடுமா, முழுச் சேதமும் உங்கள் தலையிலா? வரம்பின்றி முழுச் சேதமும் உங்களுடையது என்றால், மறுக்குமுன் நன்கு சிந்தியுங்கள். பெரும் இழப்பைத் தாங்கும் வசதி இல்லாதவர், வேண்டாம் என்று சொல்லித் தம் மக்களின் படிப்புப் பணத்தைப் பணயம் வைக்கலாகாது.

ஐந்தாவது, தேங்கிய நீரில் கார் நின்றுவிட்டால் மீண்டும் என்ஜினை இயக்காதீர்கள். நீர் புகுந்த என்ஜினை இயக்கியதால் விளையும் சேதத்தைச் சாதாரண பாலிசி ஏற்பதில்லை. 2015-ஆம் ஆண்டுச் சென்னை வெள்ளத்திலும் 2023-ஆம் ஆண்டு மிக்ஜாம் மழையிலும் கார் மூழ்கக் கண்டவர்கள் இதை மறக்கலாகாது.

ஆறாவது, காரை எடுக்கும்போதே நான்கு புறமும், அடிப்பாகமும் தெரியக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். துபாய் போன்ற நாடுகளில் இருக்கும் சகோதரர்கள் சிறு உரசலாயினும் காவல்துறை அறிக்கை பெற மறவாதீர்கள். அஃதின்றி அங்குப் பழுது பார்க்கவும் முடியாது.

இறுதியாக ஒன்று. மறுப்பவர், மறுத்த தொகையை வீட்டில் ஓர் உண்டியலில் போட்டு வைக்கட்டும். திரும்பி வந்த 600 ரூபாயை நான் அவ்வாறே போட்டு வைத்தேன். வாடகைக் கார் எடுக்கும் உறவினர் நால்வர் இப்போது அதில் சேர்ந்துள்ளனர். யாருக்குச் சேதம் வந்தாலும் அதிலிருந்து கொடுப்பது, எடுத்தவர் நடந்ததை நடந்தபடி சொல்வது என்பதே எங்கள் நிபந்தனை. இது பெரிய திட்டமன்று. பழவேற்காட்டு முதியவர் சொன்ன கணக்குத்தான்.

ஊருக்குப் புறப்படும் நாளில் மருமகன் கேட்டான்: “மாமா, அன்று லாரியின் தவறு என்று நீங்கள் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனே?”

“அதனால்தான் சொல்லவில்லை, தம்பி” என்றேன்.

அமானிதத்தைப் பேணும் கைகளையும், உண்மை உரைக்கும் நாவுகளையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.